பாறை ஏரியில் பாஸ் பிடிக்க எந்த ஜிக்?

கேள்வி இதுதான்: பாறையும் சரளையுமாகக் கிடக்கும் ஏரியில் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு ஜிக், அதாவது முள்ளில் உலோகத் தலை வார்த்த தூண்டில், போட ஆசை. கடையில் ஃபுட்பால், ஆர்க்கி, ஃபினெஸ், ஸ்விம், ஹேர் என்று ஏகப்பட்ட வகை தொங்குகிறது. எதை வாங்கிப் போட்டாலும் நாலு வீச்சில் கல்லில் மாட்டி அறுந்துவிடுகிறது. எது சரியான வகை?

ஜிக்கின் தலை வடிவத்தை முடிவு செய்ய வேண்டியது அடியில் கிடக்கும் கல்லின் அளவும், இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் இடுக்கின் அகலமும்தான். எடையை முடிவு செய்வது ஆழமும் காற்றும். நிறம், ஸ்கர்ட் எனும் இழைக் குஞ்சம், பின்னால் மாட்டும் வால் எல்லாம் அதற்கு அப்புறம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்தை அரை மணி நேரம் யோசித்து எடுப்பார்கள், தலையைக் கவனிக்கவே மாட்டார்கள். பிறகு, பாறை ஏரி ஜிக்குக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் பாறை ஏரியில் ஜிக்கை விடப் பொருத்தமான தூண்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

காரணம் கிரேஃபிஷ். இறால் போன்ற உடம்பும் நண்டு போன்ற கொடுக்கும் உள்ள இந்த நன்னீர் உயிர் கல்லுக்கு அடியில்தான் குடியிருக்கும். ஸ்மால்மவுத், லார்ஜ்மவுத், ஸ்பாட்டட் பாஸ் மூன்றுமே இதை விரும்பித் தின்னும். பாறைப் பகுதியில் வாழும் ஸ்மால்மவுத்துக்கு இது முக்கியமான உணவு. கிரேஃபிஷ் சாதாரணமாக அடித்தரையில் மெதுவாக ஊர்ந்துதான் போகும். ஆபத்து என்றால் வாலைச் சுருட்டி அடித்துப் பின்பக்கமாகப் பாயும். தப்பிக்க வழியில்லாவிட்டால் கொடுக்கை மேலே தூக்கி நிற்கும். இந்த மூன்றையும் ஒரே தூண்டிலில் காட்ட முடியும் என்றால் அது ஜிக்கில்தான். ஆனால் அதற்கு ஜிக் தரையைத் தொட்டபடி நகர வேண்டும், தரையைத் தொடும் ஜிக் மாட்டும். இந்தச் சிக்கலுக்கு ஒவ்வொரு விதமான கல்லுக்கும் ஒவ்வொரு தலை விடையாக உருவாகியிருக்கிறது.

‘பாறை ஏரி’ என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. அமெரிக்காவில் மிசௌரி, ஆர்கன்சா எல்லையில் இருக்கும் டேபிள் ராக் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயிட் ஆற்றின் குறுக்கே 1958இல் அணை கட்டி முடித்து உருவான நீர்த்தேக்கம் அது. அங்கே நிலம் நீருக்குள் நீளும் முனைகளில் சிறு சரளை பரவிக் கிடக்கும். கொஞ்சம் தள்ளினால் சுண்ணாம்புப் பாறைச் சுவர் செங்குத்தாக இறங்கும். கனடாவின் ஒன்டாரியோவில் கனடியன் ஷீல்டு எனும் பழம்பாறைப் பகுதியின் ஏரிகளுக்குப் போனால் கதை வேறு. பனியாறுகள் அரைத்து விட்டுப்போன கிரானைட் உருண்டைகளும் வழவழப்பான பாளங்களும்தான் அங்கே அதிகம். இரண்டும் பாறை ஏரிதான், ஆனால் ஒன்றில் வேலை செய்யும் ஜிக் இன்னொன்றில் முதல் வீச்சிலேயே போய்விடும்.

ஆகவே முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கரையைப் பாருங்கள், கரையில் கிடக்கும் கல்தான் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியிலும் தொடரும். கரையில் செங்குத்துச் சுவர் என்றால் நீருக்குள்ளும் சுவர், கரையில் சரளை என்றால் உள்ளேயும் கொஞ்ச தூரம் சரளை. அப்புறம் ஒரு வெறும் ஈயக் குண்டைக் கட்டி வீசி, தரையோடு இழுத்துப் பாருங்கள். சரளையானால் ராடில், அதாவது தூண்டில் கோலில், விடாமல் நறநறவென்று ஓர் அதிர்வு வரும். கைமுட்டி அளவுக் கல்லானால் டக், டக் என்று தனித்தனித் தட்டல். பெரிய பாறையானால் நின்று, ஏறி, சட்டென்று விழும். சேறானால் ஒன்றுமே தெரியாது, கனம் மட்டும் இருக்கும். பத்து நிமிடம் செலவழித்து இதைச் செய்தால் அந்தப் பகுதிக்கு எந்த ஜிக் என்பது தானாகவே விளங்கிவிடும்.

மாட்டுவதிலும் இரண்டு வகை உண்டு, இதைப் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம். ஒன்று, முள்ளின் நுனி எதையாவது குத்திப் பிடிப்பது. மூழ்கிய மரக்கிளை, பழைய தூண்டில் நரம்பு, பாறையின் சொரசொரப்பு இவற்றில் இப்படி ஆகும். இரண்டாவது, தலையே இடுக்கில் போய் ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடுவது. ஜிக்கில் முள்ளுக்கு முன்னால் நிற்கும் நார்க்கற்றை, அதாவது வீட் கார்ட், முதல் வகைக்குத்தான் உதவும். இரண்டாவது வகைக்கு அது துளியும் உதவாது. பாறை ஏரியில் அறுந்துபோகும் ஜிக்குகளில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகையில்தான் போகிறது. அதனால்தான் தலை வடிவத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரளையிலிருந்து தொடங்கலாம். பட்டாணி அளவு முதல் கைமுட்டி அளவு வரையுள்ள கல் பரவிய தரைக்கு ஃபுட்பால் ஜிக்தான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அமெரிக்கக் கால்பந்தின் நீள்வட்ட வடிவத்தில் இருக்கும் இந்தத் தலை, முள்ளின் தண்டுக்குக் குறுக்காகப் படுத்திருக்கும். அந்த அகலத்தால் சிறு கற்களுக்கு நடுவே உள்ள குறுகிய இடுக்கில் அது இறங்காது, மேலேயே உருண்டு போகும். ஒவ்வொரு கல்லில் ஏறும்போதும் தலை முன்னால் சாய்ந்து, முள்ளும் வாலும் மேலே எழும்பும். கிரேஃபிஷ் கொடுக்கைத் தூக்குவது போல மீனுக்குத் தெரிவது இந்த அசைவுதான். நீங்கள் செய்ய வேண்டியது, ராடைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்துத் தரையோடு ஊர வைப்பது மட்டும். ரீலைச் சுற்றி இழுக்காதீர்கள். ரீல் இழுக்கும்போது ஜிக் தரையை விட்டு எழும்பிவிடும், கையில் வரும் செய்தியும் பாதியாகிவிடும். ராடால் இழுங்கள், நிறுத்துங்கள், தொய்ந்த நரம்பை மட்டும் ரீலில் சுற்றுங்கள், மறுபடி இழுங்கள்.

இந்த ஃபுட்பால் ஜிக்கையே மனிதத் தலை அளவு, பானை அளவுப் பாறைகள் குவிந்து கிடக்கும் இடத்தில் போட்டால் என்ன ஆகும்? அங்கே இடுக்குகளே அகலமாக இருக்கும், கீழே போகப் போகக் குறுகும். ஃபுட்பாலின் இரண்டு முனையும் அந்த V வடிவத்துக்குள் சரியாகப் போய் உட்கார்ந்துவிடும். ‘பாறை என்றால் ஃபுட்பால்’ என்ற ஒற்றை வரி அறிவுரையைக் கேட்டுப் போனவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்த அறிவுரை சிறு கல்லுக்கு மட்டுமே பொருந்தும்.

பெரிய உடைகல்லுக்கு எனக்குப் பிடித்தது ஆர்க்கி வகைத் தலை. அடிப்பாகம் தட்டையாகி, பக்கங்கள் கொஞ்சம் விரிந்து, மூக்கு ஓரளவு குறுகி இருக்கும். நிறுத்தும்போது இது பக்கவாட்டில் சாய்ந்து விழாமல் உட்காரும். இழுக்கும்போது மூக்கு முன்னால் வருவதால் இடுக்கிலிருந்து நழுவி வெளியேறும். நரம்பு கட்டும் கண் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கண் மூக்குக்கு அருகில், முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் ஜிக் கல்லைத் தாண்டி எளிதாக வரும். கண் தலையின் உச்சியில் நேராக நிமிர்ந்திருந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் ஜிக் நிமிரும். சரளையில் அது நல்லது, பெரும்பாறையில் தொல்லை.

பெரும்பாறையில் இழுக்கவும் கூடாது. ராடின் நுனியை உயர்த்தி வைத்து, பாறையின் மேல் ஜிக்கை ஏற்றி, அங்கிருந்து மறுபக்கம் விழவிட வேண்டும். விழும்போதுதான் மீன் கொத்தும். பாஸ் பெரும்பாலும் பாறையின் நிழல் பக்கத்தில், அடியை ஒட்டி நிற்கும். படகிலிருந்து வீசும் தூரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். தூரம் குறைந்தால் நரம்பின் கோணம் செங்குத்தாகும், ஜிக்கை நேராக மேலே தூக்கி எடுக்கலாம். முப்பது மீட்டர் தள்ளி மாட்டிய ஜிக்கை விட, பத்து மீட்டரில் மாட்டிய ஜிக் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம்.

செங்குத்துச் சுவருக்கு இன்னொரு முறை. அங்கே தரை என்று ஒன்று கைக்கு எட்டுவதே இல்லை. சுவரில் படிப்படியாக இருக்கும் விளிம்புகளில்தான் மீன் நிற்கும். கனமான ஜிக் அந்த விளிம்புகளைத் தாண்டி ஓடி விழுந்துவிடும். ஆகவே 1/4 அல்லது 5/16 அவுன்ஸ் போதும் (ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம்). படகைச் சுவருக்கு இணையாக நிறுத்தி, சுவரை ஒட்டியே வீசி, நரம்பை முழுக்கத் தளர விடாமலும் இறுக்கிப் பிடிக்காமலும் ஜிக்கோடு கூடவே இறக்குங்கள். இறுக்கிப் பிடித்தால் ஜிக் சுவரை விட்டு விலகி உங்களை நோக்கி ஊஞ்சலாடி வந்துவிடும். முழுக்கத் தளர்த்தினால் கொத்து தெரியாது. இது பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் பழகிவிட்டால் கோடையிலும் குளிர்காலத்திலும் அள்ளித் தரும்.

ஃபினெஸ் ஜிக் என்பது சிறிய தலை, மெல்லிய முள், குட்டையாக வெட்டிய ஸ்கர்ட். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தால், காற்றில்லாமல் வெயில் அடித்தால், பலரும் வந்து தூண்டில் போட்டு மீன் உஷாராகிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இதை எடுங்கள். 3/16 முதல் 5/16 அவுன்ஸ் வரை. ஓசார்க் மலைப்பகுதி ஏரிகளில் இது நெடுநாளாகப் புழங்குகிறது. பெரும்பாலும் உருண்டைத் தலையாக இருக்கும். உருண்டை வடிவம் இறுகுவதற்கு மூலைகள் இல்லாததால், லேசான எடையில் இது பாறையில் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாகவே மாட்டும். சின்ன ஜிக்குக்குச் சின்ன மீன்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். தெளிந்த நீரில் பெரிய ஸ்மால்மவுத் சிறிய இரையைத் தாராளமாக எடுக்கும்.

அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் நெட் ரிக். கன்சாஸைச் சேர்ந்த நெட் கெடியின் பெயரில் வழங்குவது. காளான் வடிவத் தலை, 1/16 முதல் 1/6 அவுன்ஸ் வரை, பின்னால் விரல் நீளத்துக்கும் குறைவான மிதக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக் துண்டு. தலை தரையில் உட்கார, வால் நேராக மேலே நிற்கும். ஒன்றும் செய்யாமல் விட்டாலே மீன் எடுக்கும். ஆனால் திறந்த முள் என்பதால் பெரும்பாறை இடுக்குகளில் சேதம் அதிகம். சரளைக்கும் வழவழப்பான பாளத்துக்கும் இது சிறந்தது.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் டியூப் ஜிக்குக்கென்று ஓர் இடம் உண்டு. உள்ளே குடைவாக, பின்னால் இழைகளாகக் கிழிந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் ஜிக் தலையை நுழைத்துவிடுவார்கள். ரவுண்ட் கோபி என்ற சிறு மீன், கப்பல்களின் நிலைநீரோடு வந்ததாகக் கருதப்படுவது, 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் கண்டறியப்பட்டது. பிறகு பேரேரிகள் முழுக்கப் பரவி, இன்று அங்குள்ள ஸ்மால்மவுத்தின் முக்கிய உணவாகிவிட்டது. நீந்தாமல் கல்லுக்குக் கல் தத்திப்போகும் மீன் அது. தரையோடு இழுபடும் டியூப் அப்படியே அதன் சாயலில் இருக்கும். உங்கள் ஏரியில் கோபி இருந்தால் டியூப் இல்லாமல் போகாதீர்கள்.

ஸ்விம் ஜிக் களைச்செடிகளுக்கு நடுவே நீந்த வடிவமைத்தது. பாறைமேல் மீன் மேலே எழுந்து சிறு மீன்களைத் துரத்தும் நேரத்தில் உதவும், மற்றபடி இந்தக் கேள்விக்கு அது இரண்டாம் பட்சம்.

ஹேர் ஜிக்கைப் பலரும் மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். மான் வால் முடியோ மாரபூ எனும் மென்மையான இறகோ கட்டிய ஜிக் அது. குளிர்ந்த நீரில் சிலிகான் ஸ்கர்ட் விறைப்பாகிவிடும். முடியும் இறகும் நீரின் சிறு அசைவுக்கும் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கிரேஃபிஷ் மந்தமாகிக் கல்லுக்கடியில் பதுங்கும், பாஸும் துரத்திப் போகாது. அப்போது அசையாமல் நின்றாலும் உயிரோடு தெரியும் தூண்டில் வேண்டும். டென்னசி மலைப்பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில், 1/16 அவுன்ஸ் ஹேர் ஜிக்கை ஒரு மிதவைக்குக் கீழே இரண்டரை முதல் மூன்றரை மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு, அலையின் அசைவிலேயே ஆடவிடுவார்கள். பாறையைத் தொடவே தொடாது, மாட்டும் பேச்சே இல்லை.

இனி எடை. மூன்று மீட்டர் ஆழம் வரை 1/4 அல்லது 3/8 அவுன்ஸ். ஆறு மீட்டர் வரை 3/8 அல்லது 1/2. அதற்கு மேல் பத்து மீட்டர் வரை 1/2 முதல் 3/4. அதற்கும் கீழே, அல்லது பலத்த காற்றில், ஓர் அவுன்ஸ் வரை போகலாம். இதை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு, தரையை உணர முடிகிற மிகக் குறைந்த எடைக்கு இறங்கி வாருங்கள். கனம் கூடினால் தரை நன்றாகத் தெரியும் என்பது சரிதான். ஆனால் கனமான தலை இடுக்கில் வேகமாக இறங்கி ஆழமாக இறுகும். பெரும்பாறையில் நான் எப்போதும் ஒரு படி குறைத்தே கட்டுவேன். சரளையில் ஒரு படி கூட்டினால்கூடத் தவறில்லை, ஏனென்றால் அங்கே விடாத தரைத் தொடர்புதான் மீனைக் கொண்டுவருகிறது.

ஈயத்தை விட டங்ஸ்டன் ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதே எடைக்குத் தலை கணிசமாகச் சிறியதாக இருக்கும், கடினமான உலோகம் என்பதால் கல்லில் தட்டுவது கையில் தெளிவாகக் கேட்கும். விலைதான் கூட. அறுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகமான பெரும்பாறையில் ஈயம் அல்லது மலிவான மாற்று உலோகம், ஆழமான சரளையில் டங்ஸ்டன் என்று பிரித்துக்கொண்டால் பணம் வீணாகாது.

நரம்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஃபுட்பால், ஆர்க்கி இரண்டுக்கும் 12 முதல் 17 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பு. அது உரசலைத் தாங்கும், நீரில் மூழ்கும். பின்னல் நரம்பு வலுவானதுதான், ஆனால் இறுகிய நிலையில் கூரான கல் விளிம்பில் உரசினால் பட்டென்று போய்விடும். ஃபினெஸ் ஜிக்குக்கு ஸ்பின்னிங் ரீலில் பின்னல் நரம்பு சுற்றி, முனையில் 8 அல்லது 10 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது முனைத் துண்டு நரம்பு, கட்டுவது வழக்கம். எதுவானாலும் அடிக்கடி முனை ஒரு மீட்டரை விரலுக்கிடையில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி முடிச்சுப் போடுங்கள். முள்ளின் நுனியையும் நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், அரத்தால் தீட்டுங்கள். பாறையில் முள் மழுங்குவது நீங்கள் நினைப்பதைவிட வேகமாக நடக்கும்.

வீட் கார்ட் பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே அளவுக்கு மீறித் தடிப்பாக இருக்கும். மரமில்லாத வெறும் கல் தரையில் அதன் நார்களில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு நறுக்கிவிடலாம். மீதியை விரலால் இரண்டு பக்கமும் விரித்துவிடுங்கள். மீன் வாயில் முள் ஏறுவது எளிதாகும்.

மாட்டிக்கொண்டால் முதல் உந்துதல் இழுப்பது. அதைச் செய்யவே கூடாது, இறுகிய ஆப்பு இன்னும் இறுகும். நரம்பைத் தளர்த்தி, ராடின் நுனியை லேசாக உதறுங்கள். வராவிட்டால், ராடை உயர்த்திப் பிடித்து, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே நரம்பை வில் நாணைப் போல இழுத்துச் சட்டென்று விடுங்கள். ஜிக் பின்னோக்கித் துள்ளும், பல முறை அதுவே போதும். அதற்கும் மசியாவிட்டால் படகைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்த் தூக்குங்கள். எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

கொத்து எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். சில சமயம் தெளிவான டக். பல சமயம் அதுகூட இருக்காது. நறநறவென்று வந்த அதிர்வு திடீரென்று நின்று, ஈரத்துணியை இழுப்பது போன்ற ஒரு கனம் வரும். அல்லது விழுந்துகொண்டிருந்த நரம்பு பாதியிலேயே தொய்ந்துபோகும். கல் அப்படி நடந்துகொள்ளாது. சந்தேகம் வந்தால் தொய்வைச் சுற்றிவிட்டு ராடைப் பக்கவாட்டில் வேகமாக இழுங்கள்.

வாலுக்கு, அதாவது டிரெய்லருக்கு, ஒரு விதி போதும்: குளிரில் அசைவு குறைவான தட்டை வால், வெப்பத்தில் படபடவென்று அடிக்கும் கொடுக்கு வால். நிறத்துக்குத் தெளிந்த நீரில் பச்சை கலந்த பழுப்பு, வசந்தத்தில் பழுப்போடு கொஞ்சம் ஆரஞ்சு, கலங்கிய நீரில் கறுப்பும் நீலமும். கரையோரக் கல்லைப் புரட்டி அந்த ஏரியின் கிரேஃபிஷ் என்ன நிறம் என்று பார்த்துவிட்டால் இந்த விதிகூடத் தேவையில்லை.

முதலில் வாங்குவதற்கு மூன்று போதும்: 1/2 அவுன்ஸ் ஃபுட்பால், 3/8 அவுன்ஸ் ஆர்க்கி, 1/4 அவுன்ஸ் உருண்டைத் தலை ஃபினெஸ். ஒவ்வொன்றிலும் நாலைந்து, ஒரே நிறத்தில். ஃபுட்பாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பெரும்பாறைக்குப் போகாமல், கல் மாறும்போது ஜிக்கையும் மாற்றுங்கள். மாற்றிக் கட்டச் சோம்பல் என்றால் இரண்டு ராடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் அந்த இடத்தின் சட்டத்தையும் பாருங்கள். பாறையில் விட்டுப்போகும் ஈயத்தை லூன் பறவைகள் விழுங்கிச் சாகின்றன. அதனால் நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் அவுன்ஸும் அதற்குக் குறைவான ஈய ஜிக்குகளுக்கும், மாசசூசெட்ஸின் உள்நாட்டு நீர்நிலைகளில் ஓர் அவுன்ஸுக்குக் குறைவானவற்றுக்கும் தடை உண்டு. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைவான ஈயக் குண்டுகளும் ஜிக்குகளும் கூடாது. மேலே சொன்ன எடைகள் எல்லாமே அந்த 50 கிராமுக்குள் வருபவை. அங்கெல்லாம் டங்ஸ்டன், பிஸ்மத் அல்லது தகரத்தில் வார்த்த தலைகளைத்தான் எடுத்துப்போக வேண்டும்.